ஏழாம் பக்கத்துப் பத்தி

உன்னைப் பார்சலில் அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு அட்டைப்பெட்டி, முந்நூறு பிரதி. புதன்கிழமை மதியம் துறை அலுவலகத்தில் பெட்டியைப் பிளேடால் கீறித் திறந்ததும் புது அச்சு மையின் வாசனை குப்பென்று வந்தது. மேலட்டையில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். டெல்லிக்குப் போனபின் வாங்கிய தடித்த கண்ணாடி, கைத்தறிப் புடவை, எல்லாவற்றையும் புரிந்துகொண்டுவிட்டவளின் பார்வை. படத்துக்குக் கீழே, கடலோரப் பாதுகாப்பைப் பற்றி முதுகலை இரண்டாம் ஆண்டில் நாம் எழுதிய ஆங்கில அறிக்கையின் தலைப்பு. அதற்கும் கீழே தங்க எழுத்தில் 'நினைவுப் பதிப்பு' என்று போட்டிருந்தார்கள்.

முன்னுரை எழுதியவர் யார் என்று நான் பார்க்கவில்லை. உன் வாழ்க்கைக் குறிப்பையும் படிக்கவில்லை. நேரே அறிக்கையின் ஏழாம் பக்கத்தைப் புரட்டினேன். அந்தப் பத்தி அங்கேயே இருந்தது, ஒரு சொல்கூட மாறாமல். வெள்ளிக்கிழமை உன் நினைவுக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பிரதி கொடுக்கப் போவதாக அலுவலக உதவியாளர் சொன்னார். சிறப்பு விருந்தினர் கடலோரக் காவலில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர் என்றும் சொன்னார்.

நீ போய் இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. இந்த மாதிரி நேரத்தில் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவதுதான் வழக்கம். என்னிடம் நாலு வார்த்தை இல்லை. உன்மேல் எனக்கிருக்கும் கோபத்தை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் வகுப்பின் முதல் நாள் உனக்கு மறந்திருக்கும். சர்வதேசப் பாதுகாப்பு முதுகலை, இருபத்திரண்டு பேர். இதைப் படித்து என்ன ஆகப் போகிறீர்கள் என்று ஆசிரியர் வரிசையாகக் கேட்டார். ஐ.நா. சபை என்றார்கள், வெளியுறவுத் துறை என்றார்கள், ஒருவன் ஒரேயடியாகத் தூதர் என்றே சொல்லிவிட்டான். நான் ஏதாவது அரசுத் தேர்வு எழுதுவேன் என்று முனகினேன். முடிவெடுக்கிறவர்களின் மேஜைமேல் உன் காகிதம் இருக்கவேண்டும் என்று நீ ஆங்கிலத்தில் சொன்னாய், எழுந்து நின்று, கொஞ்சமும் தடுமாறாமல். எனக்குப் பொறாமையாக இருந்தது. அதை ஒப்புக்கொள்வதில் எனக்கு இப்போது வெட்கம் ஒன்றும் இல்லை.

மலையாளப் பிள்ளைகள் நிறைந்த அந்த வகுப்பில் வீட்டில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இருவர்தான். நீ வலியசாலை அக்கிரகாரத்துப் பெண், அப்பா வங்கி அதிகாரி. என் அப்பா வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கொத்தனார் வேலைக்கு வந்து, கரமனையில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, அப்படியே இந்த ஊர்க்காரராகிவிட்டவர். நான் சேர்ந்த படிப்பின் பெயரைக் கேட்டுவிட்டு, "செக்யூரிட்டி வேலைக்கு எதுக்குட்டி ரெண்டு வருசம் படிக்கணும்? நம்ம சைட்ல நிக்கிற அண்ணாச்சி எட்டாங்கிளாஸ்தான்" என்றார். அதை உன்னிடம் சொன்னபோது நீ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். பல வருஷம் கழித்து, டெல்லி மேடை ஒன்றில் அதே கதையை நீ உன் அப்பா சொன்னதாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கும் வீடியோவை யாரோ எனக்கு அனுப்பினார்கள். உன் அப்பாவுக்கு அந்தப் படிப்பு என்ன, அதற்குப் பிறகு என்ன பதவி, அதற்கு யாரைப் போய்ப் பார்க்கவேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. கொத்தனார் அப்பாவைக்கூட நீ எனக்கு விட்டுவைக்கவில்லை.

இருந்தாலும் நாம் சிநேகிதிகளாகத்தான் இருந்தோம். கேன்டீனில் ஒரு பப்ஸை இரண்டாகப் பிய்த்துத் தின்றோம். என் கருத்தரங்கக் கட்டுரைகளின் ஆங்கிலத்தை நீ திருத்திக் கொடுத்தாய். என் பேச்சில் மலையாளம் கலந்து வரும் 'ஆணோ', 'இல்லே' எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு, "இது எந்த ஊர் தமிழ்டீ?" என்பாய். "இந்த ஊர் தமிழ்தாம்ட்டி, நீதான் உங்க ஆத்த விட்டு வெளிய வரல" என்பேன். துறையிலிருந்து பொன்முடிக்குச் சுற்றுலா போனபோது கல்லாற்றில் பாறைமேல் உட்கார்ந்து டெல்லியில் ஒரே வீடு எடுப்பதாகத் திட்டம் போட்டோம். "நீ சமைச்சுப் போடு, நான் பேசறேன்" என்றாய். அப்போது அது விளையாட்டாகத்தான் தெரிந்தது.

இரண்டாம் ஆண்டில் அந்த டெல்லி ஆய்வு நிறுவனத்தின் அறிவிப்பு வந்தது. மாணவர்கள் எழுதும் கொள்கை அறிக்கைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, எழுதியவருக்கு ஒரு வருஷ வேலை கொடுப்பார்கள். பன்னிரண்டு பக்கம், அதற்கு மேல் போகக்கூடாது. மற்றவர்கள் அணு ஆயுதம், வல்லரசு, மலாக்கா நீரிணை என்று நூலகத்துக்குள் புகுந்துகொண்டார்கள். நீ கெட்டிக்காரி. "எல்லாரும் மேலேர்ந்து எழுதறா. நாம கீழேர்ந்து எழுதுவோம்" என்றாய். கடலோரப் பாதுகாப்பு விதிகள் கரையில் எந்த லட்சணத்தில் நடக்கின்றன என்று போய்ப் பார்ப்பதுதான் திட்டம். கரை நமக்குப் பஸ்ஸில் முக்கால் மணி நேரம்.

நீ ஒரே ஒரு தடவை வந்தாய், குடையும் கேள்வித்தாளுமாக. மீன்பிடிக்கிறவர்கள் உனக்கு நாற்காலி போட்டார்கள், சோடா வாங்கிக் கொடுத்தார்கள், எந்த ஆபீசிலிருந்து வருகிறாய் என்று கேட்டார்கள். அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறிலிருந்து நான் தனியாகப் போனேன். அப்பாவோடு வேலை பார்த்தவரின் தங்கையை அந்தக் கரையில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. கொத்தனார் மகள் என்றதும் கட்டுமரத்துப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசினார்கள்.

அவரை அங்கேதான் சந்தித்தேன். படகு ஓட்டுகிறவர், அப்பா ஊர்ப் பக்கத்து ஆள். எந்தக் கரை என்று நான் இங்கே எழுதமாட்டேன், பெயரும் எழுதமாட்டேன். அவர் உடம்பில் ஓர் அடையாளம் உண்டு. அந்தக் கரையில் அது அவர் ஒருவருக்குத்தான் இருக்கிறது. அது என்னவென்றும் எழுதமாட்டேன், இந்த மடலை நான் யாருக்கும் காட்டப் போவதில்லை என்றாலும்.

விதிப்படி, கடலுக்குப் போகும் படகு புறப்படும் முன்பே ஆட்களின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் பதிவேட்டில் ஏற்றவேண்டும். அங்கே எழுத்தர் வந்து சேருவதே படகுகள் மீனோடு திரும்பிய பிறகுதான். "ஏட்டப் பாத்தா தெரியும்மா, நாங்க திரும்பி வந்த பொறவுதான் பொறப்பட்டுப் போவோம்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தமிழ்நாட்டு விலாசம் என்பதால் அடையாள அட்டைக்கான தன் விண்ணப்பம் எங்கோ முடங்கிக் கிடப்பதையும், மைத்துனர் அட்டையை வைத்துக்கொண்டே இத்தனை வருஷம் கடலுக்குப் போய்வருவதையும் அதே சிரிப்போடு சொன்னார். பிறகு சட்டென்று நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பேரு வராதுல்லா?"

"வராது அண்ணாச்சி."

"சத்தியமா?"

"சத்தியமா. நான் எழுத மாட்டேன்."

அறிக்கையில் அவர் பெயர் வரவில்லை. என் பெயரும் வரவில்லை. கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லும் இடத்தில், நூலகருக்கும் அட்டை வடிவமைத்தவருக்கும் நடுவில் 'களப்பணி உதவி' என்று மட்டும் இருந்தேன். கேட்டதற்கு, "அவா ஒரு பேர்தான் ஏத்துப்பாளாம்டீ. படிவத்துல ஒரு கட்டம்தான் இருக்கு. நான் உள்ளே போயிட்டா உன்னையும் இழுத்துப்பேன், பாரு" என்றாய். நீ உள்ளே போனாய். தம்பானூர் ஸ்டேஷனுக்கு உன்னை வழியனுப்ப நானும் வந்தேன், உன் பெட்டியில் ஒன்றைத் தூக்கிக்கொண்டு.

நீ போன மூன்றாம் மாதம் அந்தப் படகுக்காரரின் மனைவி என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். அம்மா கொடுத்த தண்ணீரைக் கையில் வாங்கிக் குடிக்காமலே வைத்துவிட்டார்.

"ஏம்மா, பேரு எழுத மாட்டேன்னு சொன்னியாமே."

"எழுதலக்கா."

"பின்ன எப்படி போலீசுக்காரங்க நேரா எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னாங்க? அம்புட்டு பேரு இருக்க எடத்துல யார்ட்டயும் ஒண்ணும் கேக்கல. அவரப் பாத்த ஒடன இவருதான்னு சொல்லிட்டாங்க."

அட்டையைப் பிடுங்கிக்கொண்டார்கள். மைத்துனரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். நாலு நாள் அந்தப் படகுக்காரர் காலையில் போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்து சாயங்காலம் திரும்பி வந்தார். படகு முதலாளி, வம்பு வேண்டாம் என்று வேறு ஆளை வைத்துக்கொண்டார். அவர் குடும்பத்தோடு ஊருக்குப் போய்ச் செங்கல் சூளையில் வேலைக்குச் சேர்ந்தார், கடலைத் தவிர வேறு எதுவும் தெரியாத மனுஷர். பதிவேட்டை ஒழுங்காக எழுதாத எழுத்தருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதிவேடு கணினிக்கு மாறவேண்டும் என்று நீ செய்த பரிந்துரைப்படி அவருக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது.

அன்றே உனக்குப் போன் பண்ணினேன். நீ கூட்டத்தில் இருந்தாய். மறுநாள்தான் கூப்பிட்டாய்.

"பேர் இல்லே, ஊர் இல்லே, படகு பேர்கூட இல்லே. விதிமுறைப்படி எல்லாத்தையும் எடுத்தாச்சேடீ. நோக்கு ஏன் இத்தனை கோபம்?"

"ஏட்டி, அந்த அடையாளம் அப்படியே கெடக்கே. அது இருந்தா பேரு எதுக்கு அவங்களுக்கு?"

"அதை எழுதினது நான் இல்லையே" என்றாய்.

அதோடு நான் போனை வைத்துவிட்டேன். அதன்பிறகு உன் குரலை டிவியில்தான் கேட்டேன். கடலில் எங்கே எது நடந்தாலும் உன்னைக் கூப்பிட்டார்கள். 'கள நிலவரம்' என்று நீ சொல்லும்போதெல்லாம் அப்பா, "ஒன் கூட்டுக்காரி எம்புட்டு நல்லாப் பேசுதா" என்பார். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவேன். ஒரே தடவை கரைக்கு வந்து, சோடாவை மட்டும் குடித்துவிட்டுப் போனவள் நீ.

எனக்கு நம் துறையிலேயே தற்காலிக வேலை கிடைத்தது. பிறகு நிரந்தரமானது. இப்போது முதுகலைப் பிள்ளைகளுக்குக் களப்பணி எப்படிச் செய்வது என்று சொல்லிக் கொடுக்கிறேன். எல்லாருக்கும் டெல்லிக்குப் போகவேண்டும், எல்லாருக்கும் நீ ஆகவேண்டும். அவர்கள் கொண்டுவரும் பேட்டிகளில், எழுதியவருக்கு மிகவும் பிடித்த விவரம் எது என்று கேட்பேன். வெட்கத்தோடு காட்டுவார்கள். அதை முதலில் வெட்டச் சொல்வேன். டீச்சருக்கு ரசனை இல்லை என்று பின்னால் பேசிக்கொள்கிறார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் உன்னிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "ரெண்டாவது பதிப்பு போடறா. ஏழாம் பக்கப் பத்தி அப்படியே இருக்கு. அது உன் எழுத்து. எடுக்கணும்னா சொல்லு, எடுத்துடறேன்." நலமா என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. படித்தேன். நான் படித்துவிட்டேன் என்பதும் உன் போனில் உனக்குத் தெரிந்திருக்கும். பதில் போடவில்லை.

என் பெயரை எடுக்கும்போது நீ என்னைக் கேட்கவில்லை. அந்தப் பத்தியை எடுப்பதற்கு மட்டும் என் சம்மதம் எதற்கு? ஒரு மனுஷரின் பிழைப்பு அதனால் போயிற்று என்று உனக்குத் தெரியும். பேனாவை எடுத்து ஒரு கோடு போட்டிருந்தால் முடிந்திருக்கும். அதைச் செய்யாமல் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாய். இந்தக் கேள்வியை ஆறு வருஷமாக உன்னிடம் மனசுக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன், பஸ்ஸில், குளியலறையில், பரீட்சை மேற்பார்வையில். நீ ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

ஆனால் நான் ஏன் பதில் போடவில்லை என்றும் சொல்லிவிடுகிறேன். நீ என் பதிலுக்காகக் காத்திருக்கிறாய் என்பது எனக்குச் சுகமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக நீ என்னிடம் ஒன்றைக் கேட்டு நிற்கிறாய். நிற்கட்டும் என்று விட்டேன். இரண்டாம் பதிப்பு வெளிவந்துவிட்டது.

இன்னொன்றும் இருக்கிறது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உனக்குத்தான் தெரியும்.

அறிக்கையை முடிக்கிற வாரம், உங்கள் வீட்டு மாடியறை. உன் அம்மா அடை வார்த்து ஒரே தட்டில் இருவருக்கும் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். நீ சிவப்புப் பேனாவோடு ஏழாம் பக்கத்தில் இருந்தாய். பதினான்கு பக்கத்தைப் பன்னிரண்டாக்க வேண்டும். என் ஆங்கிலத்தில் நீ கை வைக்காமல் விட்ட ஒரே பத்தி அது. அவருடைய அடையாளத்தில் தொடங்கி, அவர் சிரிப்பில் போய் முடியும். அந்த முதல் வாக்கியத்தை நீ அடித்தாய்.

"இது வேண்டாம்டீ. இடமில்லே."

"அத எடுத்தா ஆளே இல்லட்டி. யாரோ ஒருத்தர்னு ஆயிடும். வேற எத வேணும்னாலும் வெட்டு."

"சித்த யோசி. மூணு வரி மிச்சமாகும்."

"முடியாது. அது போச்சுன்னா நான் இந்த ரிப்போர்ட்டுலயே இல்ல."

நான் அழுகிற மாதிரி ஆகிவிட்டேன். நீ என்னைப் பார்த்தாய். சரி என்று அடித்த கோட்டின் கீழே புள்ளிகள் வைத்து, இருக்கட்டும் என்று ஓரத்தில் எழுதினாய். இரண்டு வருஷத்தில் நீ எனக்கு விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான். நீ வெட்டப் பார்த்தது இடத்துக்காக. நான் காப்பாற்றியது என் எழுத்துக்காக. அவரை யாராவது அடையாளம் கண்டுபிடிப்பார்களா என்று அந்த மாடியறையில் இருவருக்கும் தோன்றவே இல்லை. இரண்டு வருஷம் பாதுகாப்பு படித்தவர்கள் நாம்.

அவர் மனைவி வந்துபோன பிறகாவது நான் அந்த நிறுவனத்துக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் நானும் விசாரணையில் மாட்டிக்கொள்வேன், கிடைக்கப் போகும் தற்காலிக வேலையும் போய்விடும் என்று பயந்தேன். உன்னைத் திட்டுவது எளிதாக இருந்தது. என் பெயரை நீ எடுத்துவிட்ட கோபத்தை அவருக்காக வந்த கோபம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்டால் கௌரவமாக இருந்தது.

இரண்டு வருஷம் முன்னால் அவர் திரும்பி வந்தார். அதே கரைக்கு, இந்த முறை சொந்த அட்டையோடு. கேள்விப்பட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்தது அவருக்கு. என்ஜினைத் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைக்காமலே பேசினார்.

"ஒன் மேல கோவம் இல்லம்மா. படிக்கிற புள்ள, தெரியாமப் பண்ணிட்ட. ஆனா இனிமே என்னப் பத்தி ஒண்ணும் வேண்டாம். நல்லதாக்கூட எழுதிராத. ஆர்ட்டயும் சொல்லாத. கேட்டா, என்னத் தெரியாதுன்னு சொல்லிரு."

"சரி அண்ணாச்சி."

"இங்கயும் வராத."

அதற்கும் சரி என்றேன். இந்தத் தடவை அவர் சத்தியம் கேட்கவில்லை. 

இதெல்லாம் தெரிந்தால்தான் வியாழக்கிழமை நான் செய்தது உனக்குப் புரியும். பெட்டி வந்த மறுநாள் துறைத்தலைவர் அறைக்குப் போனேன். அவர் நல்ல மனுஷர், நம் வகுப்புக்குக் கோட்பாடு எடுத்தவர். உன்னைப் பற்றிப் பேச எனக்குப் பத்து நிமிஷம் ஒதுக்கியிருந்தார். நான் முந்தின இரவு முழுவதும் யோசித்து வைத்திருந்தேன். ஓர் ஏழைப் படகோட்டிக்கு ஆபத்து என்று சொன்னால் அவர் நம்புவார். நம்பி, யார் அது, எந்தக் கரை, இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்பார். ஒரு குழு போடுவார். குழு இரண்டு கூட்டம் கூடும், அதற்குள் வெள்ளிக்கிழமை வந்து போயிருக்கும். பெயர்த் தகராறு என்றால் அன்றைக்கே நிறுத்துவார்கள். எழுத்துத் திருட்டு என்ற ஒரு சொல்லுக்குப் பயப்படுகிற மாதிரி நம் ஆட்கள் வேறு எதற்கும் பயப்படுவதில்லை.

"சார், அந்தப் பிரதியை யாருக்கும் கொடுக்கக்கூடாது."

"எந்தா டீச்சரே, எந்தா ப்ரச்னம்?"

"ஏழாம் பக்கம் என் எழுத்து. என் பெயரும் இல்லை, அனுமதியும் இல்லை. கொடுத்தால் எழுத்து மூலமாகப் புகார் கொடுப்பேன். டெல்லிக்கும் அனுப்புவேன்."

ஆதாரம் இருக்கிறதா என்றார். உன் செய்தியைக் காட்டினேன். 'அது உன் எழுத்து' என்ற வரியை அவர் இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஆளு மரிச்சுப் போயில்லே டீச்சரே? இனி இதொக்கே வேணோ?"

"இதெல்லாம் வேணும் சார்."

மாலைக்குள் பெட்டிகளைக் கட்டிப் பழைய விடைத்தாள் அறையில் போட்டுப் பூட்டினார்கள். டெல்லியிலிருந்து ஒரு பெண் போன் செய்து பத்துத் தடவை மன்னிப்புக் கேட்டாள். என் பெயரைச் சேர்க்கிறோம் என்றாள். பெயர் வேண்டாம், பத்தியை எடுங்கள், இணையத்தில் இருப்பதிலும் எடுங்கள், எடுத்த பிறகு எனக்கு எழுதுங்கள் என்றேன். அவளுக்குக் குழப்பமாக இருந்தது. எடுத்துவிட்டார்கள். அச்சில் ஏற்கெனவே போனதை என்னால் ஒன்றும் செய்யமுடியாது. எங்காவது அலமாரியில் தூசியோடு கிடக்கும், யாரும் தேடாமல் இருந்தால் சரி.

இவ்வளவு எளிதாக முடிகிற காரியத்தை நான் பன்னிரண்டு வருஷம் செய்யாமல் இருந்தேன். நீயும் செய்யவில்லை. உன்மேல் இருக்கும் கோபத்தில் பாதி எனக்குத் திரும்பி வருகிறது, அது எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கூட்டத்துக்குப் போனேன். நிகழ்ச்சி நிரலில் என் பெயர் இல்லை. வியாழன் இரவுக்குள் விஷயம் எல்லாருக்கும் போயிருந்தது. நான் உட்கார்ந்த வரிசையில் என் இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே இருந்தது. கடலோரக் காவல்காரர் உன் அறிக்கையைப் புகழ்ந்தார். அதில் வரும் மனிதர்கள் உயிரோடு எழுந்து வருவதுபோல் இருக்கும் என்றார். பிரதி கிடைக்காததில் அவருக்கு வருத்தம், மறுபடி படிக்க ஆசையாக இருக்கிறதாம்.

கூட்டம் முடிந்து காபி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் படியிறங்கப் போனேன். உன் அம்மா நடுவில் வந்து நின்றார். ரொம்பத் தளர்ந்துவிட்டார். உன் தம்பி கையைப் பிடித்திருந்தான்.

"உன்னை நான் வேத்து மனுஷியா நெனச்சதே இல்லே. ஒரே தட்டுலதானே ரெண்டு பேருக்கும் போட்டேன்?"

"ஆமா மாமி."

"அவ போனப்புறம் அவளைத் திருடின்னு சொல்லணுமா நோக்கு? உசிரோட இருக்கறச்சே வந்து சண்டை போட்டிருக்கப்படாதா? ஒரு பத்திக்காகவா?"

அந்தக் கடலோரக் காவல் அதிகாரி இரண்டடி தள்ளி நின்று காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். உன் தம்பி என்னை அடித்துவிடுகிறவன் மாதிரி பார்த்தான். உன் அம்மாவிடம் தனியாக, காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். உங்கள் பெண் எதையும் திருடவில்லை மாமி, அவள் அந்த வரியை அடிக்கத்தான் பார்த்தாள், நான்தான் அழுது காப்பாற்றினேன், இப்போது ஒருவருக்காக மறைக்கிறேன். அவ்வளவு போதும், அவர் வீட்டுக்குப் போய் நிம்மதியாக அழுவார். யாருக்காகடீ என்று கேட்பார். நான் சொல்லமாட்டேன். ஆனால் அப்படி ஒருவர் இருக்கிறார் என்பது அன்று சாயங்காலமே வலியசாலையில் நாலு வீட்டுக்குத் தெரியும். அங்கிருந்து அது எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? தகவல் எப்படிக் கசிகிறது என்பதைத்தானே நாம் இரண்டு பருவம் படித்தோம்.

"ஆமா மாமி, ஒரு பத்திக்காகத்தான்" என்றேன். "அது என்னோடது."

உன் அம்மா உன் தம்பி கையை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். இனி நான் உங்கள் தெருவுக்குள் போகமுடியாது.

உன்னை நான் மன்னிக்கவில்லை. என் பெயரை எடுத்ததற்கும், என் அப்பாவை எடுத்துக்கொண்டதற்கும், பத்தியை எடுக்காமல் விட்டதற்கும் மன்னிக்கவில்லை. நீ செய்த தப்புகள் அவ்வளவு இருக்க, நீ செய்யாத ஒன்றை உன்மேல் ஏற்றிவிட்டேன். அதற்கு உன்னிடம் மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. நீ இருந்திருந்தால் இதைவிடக் கச்சிதமாகச் செய்திருப்பாய், அதுவும் எனக்குத் தெரியும். துறையில் இப்போது உன்னைத் திருடி என்கிறவர்கள் சிலர், செத்தவளோடு மல்லுக்கு நின்ற பொறாமைக்காரி என்று என்னைச் சொல்கிறவர்கள் பலர். பிள்ளைகள்கூட என் வகுப்பில் குனிந்துகொண்டு சிரிக்கிறார்கள். அந்தப் பத்தியில் இருந்த மனுஷர் யார் என்று இந்த நாலைந்து நாளில் ஒருவர்கூட என்னைக் கேட்கவில்லை.